ஏழு வீடுகளில் எடுத்த பச்சை ஒயர்

நிஜாமுதீன் பயந்த சுபாவக்காரர். அது திருச்சி ஆழ்வார்தோப்பில் எல்லோருக்கும் தெரியும். சிலிண்டர் மாற்றினால் மூன்று தடவை மோந்து பார்ப்பார். பாலக்கரை ரவுண்டானாவைக் கடக்க வேண்டுமென்றால் அவர் மனைவி வஹீதாதான் முன்னால் போவாள். காய்ச்சல் வந்தால் மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவார். பொடி எழுத்தைப் படிப்பது அவருக்குத் தொழிலும்கூட. பதினோரு வருஷம் ஜித்தாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர், சிங்காரத்தோப்புப் பக்கம் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வயது ஐம்பத்துமூன்று. குழந்தைகள் இல்லை.

அவர் பயமே இல்லாமல் கை வைத்த ஒரே விஷயம் பாட்டுப் பெட்டிகள். ஜித்தாவில் அறைத் தோழர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆரம்பித்தது. தனிமை பிடுங்கித் தின்ற வெள்ளிக்கிழமைகளில் அதைத் திறந்து பார்ப்பார், துடைப்பார், மறுபடி மூடுவார். திருச்சிக்கு வந்த பிறகு அது வளர்ந்துவிட்டது. ஹாலின் மேற்குச் சுவர் முழுக்க ஸ்பீக்கர்களும் ஆம்ப்களும்தான். கடையை மூடிவிட்டு வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒயரை மாற்றி மாற்றிக் கோப்பார். ஒரே ஆம்பில் ஓடிய ஸ்பீக்கரை இரண்டு ஆம்பில் ஓட்டிப் பார்த்தது அப்படித்தான். கனமான சத்தங்களுக்கு ஒரு ஆம்ப், மெல்லிய சத்தங்களுக்கு இன்னொன்று. தவிலும் குரலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுந்து வந்ததைக் கேட்டு அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வஹீதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே குறை, இரண்டு ஆம்பையும் சேர்த்துக் கோத்ததும் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்தது. பாட்டு நிற்கிற இடங்களில் எல்லாம் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். பாட்டு வருகிற ஒயரை மாற்றினார், இடத்தை மாற்றினார், போகவில்லை. இணையத்தில் தேடியபோது எவனோ ஒருவன் எழுதியிருந்தான்: இரண்டு பெட்டிக்கும் தனித்தனியே எர்த் இருப்பதால் வருகிற வினை இது, ஒன்றின் எர்த்தை எடுத்துவிடு. நிஜாமுதீன் மூன்று பின் பிளக்கைத் திறந்து, பெரிய பின்னில் மாட்டியிருந்த பச்சை ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி உள்ளேயே மடித்து வைத்தார். சொருகிப் போட்டார். இரைச்சல் நின்றுபோனது.

அதன் பிறகு அவருக்கு ஒரு பேர் வந்தது. ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். யார் வீட்டில் இரைச்சல் வந்தாலும் நிஜாம் பாயைக் கூப்பிடு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.எஸ் வண்டியில் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவார். பிளக்கைத் திறப்பார், பச்சை ஒயரை எடுப்பார், மூடுவார். ஐந்து நிமிஷ வேலை. வீட்டுக்காரர் முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்துவிட்டு வருவார். பேச்சில் பின்னால் நிற்கிற மனுஷனுக்கு அது பெரிய சந்தோஷம்.

பெருநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை. முந்தின நாள் சாயங்காலம் நிஜாமுதீன் மூன்றாவதாக ஒரு ஆம்பை வாங்கி வந்திருந்தார். அதை வைத்துப் பார்ப்பதற்காக, எர்த் எடுத்த ஆம்பை முன்னால் இழுத்து, பின்னால் சொருகியிருந்த பாட்டு ஒயர்களை எல்லாம் உருவி, பெட்டியைத் திருப்பி வைத்தார். அதற்குள் இரவு இஷா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. சுவிட்சை அணைக்க மறந்துபோனார்.

காலையில் வஹீதா தரையைத் துடைத்தாள். ஈரம் காயவில்லை. கையோடு ஆம்பின் மேல் இருந்த தூசியையும் துடைத்துவிடலாம் என்று, இடது கையால் அதன் மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஈரத்துணியை வைத்தாள்.

நிஜாமுதீன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுவதுபோல. திரும்பிப் பார்த்தபோது வஹீதா அப்படியே குனிந்த நிலையில் நின்றுகொண்டிருந்தாள். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தன. கண் அவரைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை. கை பெட்டியை விடவில்லை.

ஓடினார். அவளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு நொடியைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை. இழுத்திருந்தால் அவரும் மாட்டியிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் அதை யோசித்து நிறுத்தவில்லை என்பது அவருக்குத் தெரியும். பயத்தில் நிறுத்தினார். அப்புறம்தான் சுவரில் இருந்த சுவிட்ச் ஞாபகம் வந்து அதில் அடித்தார். வஹீதா ஈரத் தரையில் சாய்ந்தாள்.

ஆட்டோவில் போகும்போது அவள் மூச்சை எண்ணிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பை எடுத்துப் பார்த்தார்கள். இடது கையில் இரண்டு விரல் நுனி வெளுத்துக் கருகியிருந்தது. ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டியூட்டி டாக்டர், நல்ல சின்ன வயசுப் பெண். எழுதிக்கொண்டே, வீட்டில் எர்த் சரியாக இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். நிஜாமுதீன் தெரியலைங்க என்று சொன்னார்.

அன்று மத்தியானம் வஹீதாவின் தங்கை ஷஹனாஸை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பிளக்கை உருவி, ஆம்பின் மூடியைத் திறந்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. கரன்ட் உள்ளே வருகிற ஒயரின் தோல் சூட்டில் இளகியிருந்தது. முந்தின நாள் பெட்டியைத் திருப்பியபோது அது மூடியின் கூரான விளிம்பில் போய் அழுந்தி, தோல் கிழிந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பச்சை ஒயர் இருந்திருந்தால் அந்தக் கணமே வீட்டில் ஃபியூஸ் போயிருக்கும். வஹீதா என்னங்க கரன்ட் போச்சு என்று கேட்டிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அது இல்லாததால் இரவு முழுக்க அந்தப் பெட்டி யாராவது தொடட்டும் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பாட்டு ஒயர் சொருகியிருந்தவரை அதன் வழியாக இன்னொரு ஆம்பின் எர்த் இதையும் காத்துக்கொண்டிருந்தது. அதையும் அவரே உருவிவிட்டார்.

தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மனசு தானாக எண்ண ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. பொன்மலையில் ஒன்று. கே.கே. நகரில் ஒன்று. தில்லை நகரில் இரண்டு. உறையூர். காஜாமலை.

ஞாயிற்றுக்கிழமை வஹீதாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. ஷஹனாஸ் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனதும், எதனால் அப்படி ஆனது என்று கேட்டாள். நிஜாமுதீன் முதலில் ஒயர் பழசு என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். பிளக்கைத் திறந்தது, பச்சை ஒயரைக் கழற்றியது, டாக்டரிடம் தெரியாது என்று சொன்னது, கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டதுகூட.

அவள் அழவில்லை, திட்டவில்லை. கேட்டாள்.

"வேற எத்தனை வீட்ல இப்படிச் செஞ்சு குடுத்திருக்கீங்க?"

"ஏழு."

"அங்கல்லாம் அதைத் தொடைக்கிறது யாரு?"

ஏழு வீட்டிலும் நிஜாமுதீனுக்கு ஆண்களைத்தான் தெரியும், கே.கே. நகர் சௌமியாவைத் தவிர. துடைக்கிறவர்கள் யாரையும் அவர் பார்த்ததில்லை.

"என்னைய பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க," என்றாள் வஹீதா. "போங்க."

போனில் நான்கு பேர் உடனே கிடைத்தார்கள். நேரில் வந்து ஒன்று பார்க்க வேண்டும், அதுவரை ஆம்பைப் போட வேண்டாம், பிளக்கை உருவி வையுங்கள் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டபோது ஏதோ ஒரு பாகம் சூடாகிறது என்று மழுப்பினார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. இத்தனை நாள் மரியாதையாக வாங்க பாய் என்றவர்கள் என்ன சொல்வார்கள்? போலீஸ், கேஸ் என்று போனால்? சத்தமில்லாமல் ஒவ்வொரு வீடாகப் போய், ஒயரை மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். தில்லை நகர் இரண்டும், உறையூரும், காஜாமலையும் அன்று மாலைக்குள் அப்படித்தான் முடிந்தன.

திங்கட்கிழமை காலை ஸ்ரீரங்கம் போனார். உத்தர வீதியில் திருவேங்கடம் என்பவர் வீடு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாசுரங்கள் ஒலிப்பதிவு நூற்றுக்கணக்கில் வைத்திருந்தார். நிஜாமுதீன் பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைப் பழைய இடத்தில் முறுக்கினார். போட்டுக் காட்டினார். பாசுரத்துக்குப் பின்னால் இரைச்சல் திரும்பி வந்தது.

"என்ன பாய், போனது திரும்ப வந்துடுத்தே," என்றார் திருவேங்கடம். "கோயில் கோஷ்டியிலே நின்னு கேக்கற மாதிரி இருந்தது. பழையபடியே பண்ணிக் கொடுத்துடுங்கோ."

வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும் என்றார் நிஜாமுதீன். திருவேங்கடம் கேட்கவில்லை. உங்களுக்குச் சிரமம் என்றால் விட்டுவிடுங்கள், நம் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எடுத்துவிடுகிறேன், அந்தப் பச்சை ஒயர்தானே என்றார்.

நிஜாமுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் மாட்டி வைத்த ஒயரை அவர்களே மறுபடி எடுத்துவிடுவார்கள். நேற்று முடித்ததாக நினைத்த நான்கு வீடும் முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார். வஹீதாவின் கையைப் பற்றியும் சொன்னார். திருவேங்கடம் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். உள்கட்டு வாசலில் அவருடைய மனைவி வந்து நின்றது நிஜாமுதீனுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவதான் பாய் அதைத் தினமும் போடறா," என்றார் திருவேங்கடம். "விடிகாலம்பற ஸ்நானம் பண்ணிட்டு, ஈரப் புடவையோட வந்து. ரெண்டு வருஷமா."

ஆம்பில் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருவேங்கடம் கடைசியில், பெருமாள் ரக்ஷித்தார் என்றார். கோபப்படவில்லை. ஆனால் நிஜாமுதீன் எழுந்தபோது இருங்கள் என்று சொல்லவுமில்லை. வாசல் வரை வந்து, ஆத்துக்காரிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்றே மறுபடி அந்த நான்கு வீட்டுக்கும் போனார். இந்த முறை சொன்னார். ஒருவர் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார். ஒருவர் சிரித்தார், அதெல்லாம் ஒன்றும் ஆகாது பாய் என்றார். சிரித்தவரிடம்தான் அவர் அதிக நேரம் இருக்க வேண்டியிருந்தது.

பொன்மலையில் பிலோமின்ராஜ் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். நிஜாமுதீன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்ப் பிளக்கை உருவிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். திறந்து பார்த்தால் பச்சை ஒயர் அழகாக முறுக்கி மாட்டியிருந்தது.

"நீங்க போன மறுநாளே மாட்டிட்டேன் பாய். இருபத்தாறு வருஷம் மெஷின்ல நிக்கிறேன். எர்த் இல்லாததை நான் தொடமாட்டேன்."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

பிலோமின்ராஜ் பிளக்கை வாங்கித் திரும்ப மூட ஆரம்பித்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா கெளம்பிப் போனீங்க. சரி, நம்ம வீட்ல சரி பண்ணிக்கிட்டாப் போதும்னு விட்டுட்டேன்." மூடி முடித்து, "அது தப்புதான்," என்றார்.

அவர்தான் ஒரு சுவிட்சைப் பற்றிச் சொன்னார். உடம்பு வழியாகக் கரன்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானே அணைந்துவிடுகிற மெயின் சுவிட்ச். இந்த வாரமே வந்து உங்கள் வீட்டில் மாட்டுகிறேன் என்றார்.

மிச்சம் ஒன்று. கே.கே. நகர் சௌமியா. கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர், தனியாக ஒரு அடுக்ககத்தில் இருந்தார். அவருடைய போன் அணைந்திருந்தது. திங்கட்கிழமை மாலை போனபோது பூட்டியிருந்தது. புதன்கிழமையும். வாட்ச்மேன், அம்மா பெங்களூர் போயிருக்காங்க, எப்ப வருவாங்கன்னு தெரியாது என்றார். வெறும் வீடுதானே, யாரும் தொடமாட்டார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். வேலைக்காரம்மாவிடம் சாவி இருக்குமோ என்று உடனே தோன்றியது. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது கை நழுவியது. எதிரே உட்கார்ந்து கண்ணாடி போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு பெண்ணின் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வஹீதா ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது இவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவளும் கைப்பிடியில் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சௌமியா எடுத்தார். நேற்றுதான் வந்தேன் பாய் என்றார். ஆம்பைப் பற்றிக் கேட்டதும், அது இப்போது என்னிடம் இல்லையே என்றார். புதுசு வாங்கிவிட்டதால், தெருமுனையில் மெஸ் வைத்திருக்கிற பீமராவுக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் வருஷா வருஷம் சித்திரைத் தேருக்கு முன்னால், சமயபுரம் நடந்து போகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவார். அங்கே பாட்டுப் போட வேண்டும் என்று கேட்டார், கொடுத்தேன் என்றார். டோல்கேட் தாண்டி எங்கோ ரோட்டோரம். வெள்ளிக்கிழமையிலிருந்து நடக்கிறது.

அவர் கொடுத்த பீமராவ் எண்ணுக்கு நிஜாமுதீன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர். ஞாயிற்றுக்கிழமையே ரோடு முழுக்க மஞ்சள் துணிக் கூட்டம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியவர், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டவே அரை மணி ஆனதும் டோல்கேட்டில் இறங்கி நடந்தார். கூட்டத்தோடு கூட்டமாக நடக்க முடியவில்லை, ஓரமாக ஓடினார். வெயிலுக்கு இதமாக லாரியிலிருந்து ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார்கள். எல்லோர் காலும் வெறுங்கால். எல்லோர் துணியும் ஈரம். வழியில் பந்தலுக்கு மேல் பந்தல், ஒவ்வொன்றிலும் அம்மன் பாட்டு. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

நாலாவது பந்தலோ ஐந்தாவதோ. இரும்பு மேசை. அதன் மேல் இரண்டு பெரிய மோர் அண்டா. அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டால் போர்த்தி அந்த ஆம்ப். பக்கத்துக் கடையிலிருந்து இழுத்த மெல்லிய ஒயர் ஒன்று ஈர மண்ணில் கிடந்து மேசைக்கு ஏறியது. அதில் இரண்டே இழைதான் இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. இங்கே பச்சை ஒயரை மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. போய்ச் சேர எர்த்தே கிடையாது.

சுவிட்ச் போர்டு மேசைக் காலில் கட்டியிருந்தது. நாலு எட்டு வைத்தால் உருவிவிடலாம். நிஜாமுதீன் நின்றுவிட்டார். தாடியும் தொப்பியுமாக ஒரு ஆள், அம்மன் பந்தலில் புகுந்து பாட்டை நிறுத்தினால்? இளவட்டங்கள் பத்துப் பேர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாரையும் தெரியாது. பீமராவ் எங்கே என்று ஒருவனிடம் கேட்டார். பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை, ஒரு டம்ளர் மோரை நீட்டினான். வாங்கிக்கொண்டார். தொப்பியைக் கழற்றிப் பையில் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வைத்தார். உடனே வெட்கமாக இருந்தது.

அப்போது ஒரு பெண் மேசையை நெருங்கினாள். தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, இடுப்பில் வேப்பிலை சொருகி, வெறுங்காலோடு. குடித்த டம்ளரை வைக்க இடம் தேடி, துண்டை ஒதுக்கிவிட்டு ஆம்பின் மேலேயே வைக்கப் போனாள்.

நிஜாமுதீன் நாலே எட்டில் போய்க் குனிந்து போர்டிலிருந்து பிளக்கை உருவினார்.

பாட்டு அறுந்தது. அந்த அமைதியில் பந்தலே திரும்பிப் பார்த்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் கூட்டத்தில் நடந்து போய்விட்டாள்.

யாருய்யா நீ என்று ஒருவன் வந்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். நிஜாமுதீன் பிளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பீமராவ், பீமராவ் என்று அந்தப் பேரை மட்டும் சொன்னார். பின்பக்கத்திலிருந்து மோர் கடைகிற கையோடு ஒரு தடித்த ஆள் வந்தார். சட்டையை விடுங்கடா என்றார்.

"சௌமியா மேடம் குடுத்தாங்களே, இந்தப் பெட்டி. அதுல எர்த் ஒயரை எடுத்தது நான்தாங்க. என் வீட்ல என் சம்சாரம் அதேமாதிரி ஒண்ணுல மாட்டிக்கிட்டாங்க. எட்டு நாள் முந்தி. விரல் கருகிப்போச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

பீமராவ் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"தொட்டா லேசா சுர்ருங்குதுன்னு பசங்க நேத்தே சொன்னானுங்க. அதான் துண்டைப் போட்டு வெச்சேன்."

நிஜாமுதீன் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பிளக்கைச் சொருகி, டெஸ்டர் நுனியைப் பெட்டியின் மேல் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வெயிலிலும் நன்றாகத் தெரிந்தது. எவ்வளவு கரன்ட் என்று டெஸ்டர் சொல்லாது. லேசாகச் சுர்ரென்பதற்கும் இது எரியும், ஆளை விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் எரியும். அதே டெஸ்டரை மோர் அண்டாவின் மேல் வைத்தார். அதிலும் எரிந்தது. அண்டாவில் கரண்டி போட்டு மூன்று நாளாக ஊற்றிக்கொண்டிருந்தவன் இரண்டடி பின்னால் போனான். சட்டையைப் பிடித்தவன் அவன்தான்.

பீமராவ் தானே குனிந்து பிளக்கை உருவினார். ஒயரைச் சுருட்டி நிஜாமுதீன் கையில் கொடுத்தார். அங்கேயிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் தன் வண்டியில் இருந்த பேட்டரி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தார். சன்னமாகத்தான் பாடியது. பீமராவ் இன்னொரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்து, குடிச்சிட்டுப் போங்க பாய் என்றார். குடித்தார். துண்டில் சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வஹீதாவுக்குப் போன் செய்தார். கெடைச்சிருச்சு என்றார். ஆருக்கும் ஒண்ணும் ஆகலையே என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

வீட்டில் வைத்துத் திறந்தபோது காரணம் தெரிந்தது. மேலே இருக்கிற காற்றுத் துவாரங்கள் வழியாக மோர் சொட்டி உள்ளே போயிருந்தது. கரன்ட் வருகிற முனையிலிருந்து இரும்புத் தட்டு வரைக்கும் வெள்ளையாக உப்பு பூத்து, இன்னும் ஈரமாகவே இருந்தது. ஒவ்வொரு டம்ளருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது அகலமாகிக்கொண்டு போயிருக்கும். வஹீதா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். தொடாமல் பார்த்தாள்.

நான்கு மாதம் அந்தச் சுவரில் ஒன்றும் ஓடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நடந்ததையெல்லாம், டாக்டரிடம் பொய் சொன்னதைத் தவிர, தன் பேரிலேயே எழுதிப் போட்டார். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் குழுவை விட்டுப் போனார்கள். தாங்களும் அதே வேலையைச் செய்திருப்பதாக இரண்டு பேர் தனியாக எழுதினார்கள், அவர்களுக்கு இவர் பதினைந்து நிமிஷத்துக்கொரு தடவை போன் செய்து மாட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருவேங்கடம் ஒரு நாள் கடைக்கு வந்து கண்ணாடி மாற்றிக்கொண்டு போனார். ஆம்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆவணியில் மறுபடி ஸ்பீக்கரைக் கோத்தார். இரண்டு ஆம்பையும் ஒரே போர்டில் சொருகினால் இரைச்சல் பெரும்பாலும் போய்விடுகிறது, கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அதை முன்னாலேயே ஒரு மணி நேரம் முயன்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வஹீதாவின் இரண்டு விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி முழுசாக வரவில்லை. சூடு தெரியாது. பிலோமின்ராஜ் சொன்னபடியே வந்து மெயின் பலகையில் அந்த சுவிட்சை மாட்டிக் கொடுத்தார். அதில் ஒரு சின்னப் பட்டன் உண்டு, மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்க வேண்டும், வேலை செய்தால் வீடு முழுக்கக் கரன்ட் போகும் என்று சொல்லியிருந்தார். அமுக்குவது வஹீதாதான். நாற்காலி போட்டு ஏறி, வலது கை விரலை அதன் மேல் வைப்பாள். நிஜாமுதீன் கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மின்விசிறி நின்று, ஃப்ரிட்ஜின் உறுமல் அடங்கும்வரை இருவருமே மூச்சு விடுவதில்லை.